குவாரிஸ்மியைப் பகிர்கிறோம், உமர்தம்பியை மறந்துவிட்டோமா?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி, கல்லூரிகள் திறக்கும் காலத்தில் நமது வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி தவறாமல் வந்து விழும். 'கணினியைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்' என்பது தலைப்பு. கீழே தலைப்பாகை அணிந்த ஒரு பெரியவரின் படம் இருக்கும். அது சோவியத் நாடு 1983-ல் வெளியிட்ட தபால் தலையிலிருந்து எடுக்கப்பட்ட ஓவியம் என்பது பகிர்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. 'மாஷா அல்லாஹ்' என்று பத்துப் பேர் பதில் போடுவார்கள். அத்துடன் விஷயம் முடிந்துவிடும்.

இந்தச் செய்தியில் பாதி உண்மை. முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில், கலீஃபா மஃமூனின் காலத்தில் வாழ்ந்த கணித மேதை. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் பின்னர் லத்தீனுக்குப் போனது. அங்கே அவருடைய பெயர் திரிந்து 'அல்காரிதம்' என்ற சொல் பிறந்தது. ஒரு கணக்கை எந்த வரிசையில், எந்தெந்தப் படிகளில் செய்து முடிப்பது என்ற வழிமுறைக்கு இன்று உலகமே அவர் பெயரைத்தான் சொல்கிறது. 'அல்ஜீப்ரா' என்ற சொல்லும் அவருடைய மற்றொரு நூலின் தலைப்பிலிருந்து வந்ததே. இவ்வளவும் சரி. ஆனால் அவர் கணினியைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகுதான் பாபேஜ், அடா லவ்லேஸ், டூரிங் என்று ஒரு நீண்ட வரிசை வந்தது. இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொன்னால், இருக்கிற பெருமையையும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை இரண்டு நிமிடத்தில் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, 'அத்தா, நீங்க அனுப்பினது தப்பு' என்று சொல்லிவிடும்.

குவாரிஸ்மியின் அல்ஜப்ர் நூலில் பெரும்பகுதி எதைப் பற்றியது என்பதை யாரும் பகிர்வதில்லை. வஸிய்யத்தும் வாரிசுப் பங்கீடும்தான் அதில் நிறைந்திருக்கின்றன. மய்யித் விட்டுச் சென்ற சொத்தை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்ற ஃபராயிள் கணக்குகளே அவை. நமது மத்ரஸாக்களில் இன்றும் பதினாறு, பதினேழு வயது மாணவன் இந்தக் கணக்கைப் போடுகிறான். கணவன், தாய், தந்தை, இரண்டு மகள்கள் ஆகியோரை விட்டு ஒரு பெண் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணவனுக்கு நான்கில் ஒன்று, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு. சொத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 3, 2, 2, 8 என்று வரும். கூட்டிப் பாருங்கள், 15 ஆகிவிடுகிறது. பன்னிரண்டு பங்கில் பதினைந்து பங்கை எப்படிக் கொடுப்பது? அதற்குத்தான் 'அவ்ல்' என்ற விதி. மூலத்தை 15-ஆக உயர்த்திவிட்டு, அதே விகிதத்தில் எல்லோருடைய பங்கையும் குறைக்கவேண்டும். யார் இருந்தால் யார் விலகுவார், எந்த நிலையில் எந்த மூலம் என்று படிப்படியாகச் செல்லும் இந்த முறையை ஒரு கணினிப் பேராசிரியரிடம் காட்டினால், 'இது அல்காரிதம்தானே' என்பார்.

இதே கணக்கை அண்மையில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் தமிழில் கேட்டுப் பார்த்தோம். அழகான தமிழில் பதில் வந்தது. நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பங்குகளையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, மொத்தம் ஒன்றைத் தாண்டுவதைக் கவனிக்காமலேயே நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் கேட்டபோது அவ்ல் வந்தது. இந்த இயந்திரங்கள் இணையத்தில் கிடைக்கும் எழுத்துகளைப் படித்துத்தான் கற்கின்றன. தமிழில் நமது ஃபிக்ஹ், நமது வரலாறு, நமது பெரியவர்கள் எழுதியவை இணையத்தில் எவ்வளவு இருக்கின்றன? இருப்பதும் பெரும்பாலும் படமாகக் கிடக்கிறது, தேடக்கூடிய எழுத்தாக இல்லை.

இந்த இடத்தில்தான் நமக்கு உமர்தம்பி நினைவுக்கு வருகிறார்.

தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தில் 1953-ல் பிறந்தவர் மர்ஹூம் உமர்தம்பி அவர்கள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எத்தனையோ பேரில் ஒருவர். அவர் என்ன செய்தார் என்று புரிய வேண்டுமானால், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதைத் தரவிறக்கி நமது கணினியில் பதிந்தால்தான் படிக்க முடியும். இல்லையென்றால் திரை முழுக்கக் கோணல்மாணலான குறியீடுகள் தெரியும். ஒரு தளத்தின் எழுத்துருவில் அடித்த மின்னஞ்சலை இன்னொருவர் திறந்தால் அதுவும் அப்படித்தான். துபாயிலிருந்து மகன் தமிழில் எழுதுவான், ஊரில் இருக்கும் வாப்பாவின் திரையில் அது ஏதோ மந்திர எழுத்துப்போல வந்து நிற்கும்.

உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எண் முறையாக ஒருங்குறி 1991-லேயே வந்துவிட்டது. அதில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே மைக்ரோசாஃப்ட் கணினிகளில் அது தமிழுக்கு ஒழுங்காக வேலை செய்தது. நமது ஊர்ப்பக்கப் பிரவுசிங் சென்டர்களில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததோ விண்டோஸ் 98. புதிய கணினி வாங்க வசதியில்லாதவனுக்குத் தாய்மொழியும் இல்லை என்ற நிலை.

உமர்தம்பி உருவாக்கிய 'தேனீ' இயங்கு எழுத்துரு இந்தச் சுவரை உடைத்தது. பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் கூடவே வந்து இறங்கிவிடும். படிப்பவர் எதையும் பதிய வேண்டியதில்லை. பழைய கணினியிலும் ஒருங்குறித் தமிழ் தெரிந்தது. தமிழ் வலைப்பதிவுகள் தளிர்விட்ட அந்த ஆண்டுகளில் யார் யாரோ, எந்தெந்த நாட்டிலிருந்தோ தங்கள் பக்கங்களில் தேனீயைப் பொருத்திக்கொண்டார்கள். அவர்களில் நாத்திகர் உண்டு, பக்தர் உண்டு, நம்மைத் திட்டி எழுதியவர்களும் உண்டு. அவர் யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆங்கில விசைகளில் ஒலிப்படி அடித்துத் தமிழ் பெறும் எழுதி, பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி என்று அடுத்தடுத்து உருவாக்கி, எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்தார். 2006 ஜூலை 12 அன்று, 53 வயதில் வஃபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அத்துடன் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு உமர்தம்பியின் பெயர் வைக்கப்பட்டது. அதை முதலில் கேட்டு வலியுறுத்தியவர்கள் தமிழ் இணைய ஆர்வலர்கள். நமது ஜமாஅத்துகளும் கல்லூரிகளும் அவர் பெயரில் என்ன செய்திருக்கின்றன என்பதை அவரவரே சொல்லட்டும். திண்டுக்கல்லில் கணினி படிக்கும் நமது பிள்ளைகள் சிலரிடம் கேட்டோம். ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. குவாரிஸ்மியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் தனியாள் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிங்கப்பூரில் ஆசிரியர் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார், 1997-ல் முதல் தமிழ் இணைய மாநாடு அங்கே கூடுவதற்குக் காரணமாக இருந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார், பின்னர் கைப்பேசிக்குச் செல்லினம் தந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழைய நூல்களை மின்னூலாக்கினார். உமறுப் புலவரின் சீறாப்புராணம் இன்று இணையத்தில் எழுத்தாகக் கிடைக்கிறதென்றால் அந்தத் திட்டத்துக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில்தான் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. 25 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், கணித்தமிழ் 24 மாநாடு அதே சென்னையில் நடந்தது. அங்கே பேச்செல்லாம் செயற்கை நுண்ணறிவைப் பற்றியே.

முன்னோடிகளை மறப்பது நமது சமுதாயத்துக்கு மட்டும் உள்ள நோயல்ல. 1946-ல் அமெரிக்காவில் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களின் பெயர்கள் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. நமது ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டின் உள்ளே இருக்கும் நெம்புகளைக் கையாலேயே அறுத்து, அராவி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கணக்கு வைத்த ஆசாரிகளில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? பட்டறையும் போய்க்கொண்டிருக்கிறது, பெயர்களும் போய்விட்டன.

ஆனால் நமக்கென்று தனியாக ஒரு பொறுப்பு உண்டு. அரபுத்தமிழைத்தான் சொல்கிறோம்.

அரபியில் 'ப' இல்லை, 'ட' இல்லை, 'ண', 'ள', 'ங', 'ஞ' இல்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் வாழ்ந்த நமது முன்னோர்கள், இருக்கிற அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துத் தமிழ் ஒலிகளுக்குப் புதிய வடிவங்கள் செய்துகொண்டார்கள். மார்க்கச் சட்டம், தஃப்ஸீர், மருத்துவம், பெண்களுக்கான பாடல்கள் என எல்லாவற்றையும் அதில் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற மேதைகளின் எழுத்து அதில்தான் இருக்கிறது. ஒரு மொழியை இன்னொரு எழுத்தில் இழப்பில்லாமல் ஏற்றுவது எப்படி என்பதுதான் உமர்தம்பி மோதிய பிரச்சினையும். காகிதத்தில் அதை அவருக்கு முந்திய தலைமுறைகள் தீர்த்து வைத்திருந்தன.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: 2015-ல் வெளியான ஒருங்குறியின் எட்டாம் பதிப்பில் அரபுத்தமிழுக்கென்றே எழுத்துகள் சேர்க்கப்பட்டன. உலகத் தர நிர்ணயத்தில் நமது பாட்டிமார் ஓதிய எழுத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் நாம் என்ன வைத்தோம்? நமது வீடுகளில் உள்ள அரபுத்தமிழ்க் கிதாபுகளில் எத்தனை அந்த எழுத்தில் ஏறியிருக்கின்றன? அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஜனாஸாவுடனும் வாசிக்கும் திறனும் கொஞ்சம் அடக்கமாகிறது.

இதற்கு ஆள் இல்லையா? இருக்கிறார்கள். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. அந்த 20 லட்சத்தில் நமது பிள்ளைகளும், குறிப்பாக நமது பெண்பிள்ளைகளும் உண்டு. பேகம்பூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் பேருந்து ஏறிப் போய் பி.எஸ்ஸி. கணினி அறிவியலும் பி.சி.ஏ.வும் முடிக்கிற பெண்கள் எத்தனையோ பேர். படித்து முடித்ததும் நிக்காஹ், பிறகு சான்றிதழ் பீரோவுக்குள். நிக்காஹ்வை நாம் குறை சொல்லவில்லை. வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய, மார்க்கத்துக்கும் மொழிக்கும் பயன் தரக்கூடிய வேலை ஒன்று கண்முன்னே இருக்கும்போது, அந்தப் படிப்பை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அந்தப் பெண்ணின் உம்மும்மாவுக்கு அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால், ஒரே வீட்டுக்குள் பாதி வேலைக்கான ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

ஆலிம்களாகிய நமக்கும் பங்கு உண்டு. மத்ரஸாவில் ஃபராயிள் நடத்தும்போது, கரும்பலகையில் போடும் கணக்கைப் படிப்படியாகத் தமிழில் தட்டச்சு செய்து வைக்கலாம். பத்து மாணவர்கள் ஆளுக்கு ஐந்து கணக்கு எழுதினால் ஐம்பது. ஷஃபானில் விடுமுறை விட்டு ஷவ்வாலில் திரும்பும் மாணவன், ஊரில் கிடைத்த ஒரு கிதாபின் முதல் பக்கத்தையாவது படம் எடுத்து வரலாம். உமர்தம்பியின் பெயரில் ஒரு பரிசு வைக்க ஜமாஅத்துகளுக்கு மனம் இருந்தால், மீலாது மேடைப் பேச்சுப் போட்டியோடு சேர்த்து, ஒரு பழைய நூலைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றிய பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு மேடைக்குப் போடும் சீரியல் விளக்குகளின் செலவைவிடக் குறைவு.

ஸ்கேனர் வாங்குவது, இணையதளம் தொடங்குவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குப் பேகம்பூரைச் சுற்றியுள்ள வீடுகளில் பரண்மேல் எந்தெந்தக் கிதாபுகள் இருக்கின்றன என்று யாரிடமும் ஒரு பட்டியல் இல்லை. எந்த வீடு, என்ன நூல், கடைசிப் பக்கத்தில் எந்த ஹிஜ்ரி ஆண்டு போட்டிருக்கிறது, கறையான் எவ்வளவு தின்றிருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் யார் என்று எழுதிக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.