ஒருபாலினத் திருமணம்: தலைவர்கள் பேசுகிறார்கள், நம் வீடுகள் மௌனமாக இருக்கின்றன

2012 மே 9 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா ஏபிசி தொலைக்காட்சிக்கு ஒரு பேட்டி அளித்தார். ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ள அனுமதிக்கப்பட வேண்டும் என்பதே தமது கருத்து என்று அதில் அறிவித்தார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் இப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய நாள்தான் வட கரோலினா மாநில மக்கள், திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று சுமார் 61 சதவீத வாக்குகளால் தங்கள் மாநில அரசியல் சாசனத்தில் எழுதிவைத்திருந்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம் கழிந்தது. 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற தீர்ப்பின் மூலம் 50 மாநிலங்களிலும் அதைச் சட்டப்பூர்வமாக்கியது. அன்றிரவு வெள்ளை மாளிகை வானவில் நிறங்களில் ஒளிர்ந்தது.

ஒரு தலைவரின் வார்த்தை ஒரு சமூகத்தின் கருத்தை இவ்வளவு வேகமாக மாற்றிவிடுமா? மாற்றும் என்றால், நம் பிள்ளைகளின் கருத்தையும் மாற்றுமா? நிக்காஹ் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இணைக்கும் இபாதத் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் கேள்வி இருக்கிறது.

காற்று வீசிய பக்கம் திரும்பியவர்கள்

1996-இல் ஒருபாலினத் திருமணத்தை மத்திய அரசு அங்கீகரிக்கக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டவர் பில் கிளின்டன். அன்று செனட்டராக இருந்த ஜோ பைடன் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். 2013-இல் அதே சட்டத்தை ரத்துசெய்யக் கோரி நாளிதழில் எழுதினார் கிளின்டன். 2022 டிசம்பரில், அந்தச் சட்டத்தை அடியோடு நீக்கும் புதிய சட்டத்தில் அதிபராகக் கையெழுத்திட்டார் பைடன்.

ஒபாமாவின் கதை இன்னும் வளைந்து செல்கிறது. 1996-இல் இல்லினாய் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டபோது இத்திருமணத்தை ஆதரிப்பதாக ஒரு பத்திரிகைக்கு எழுத்தில் பதில் தந்தார். 2008-இல் அதிபர் தேர்தல் வந்தபோது, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். 2012-இல் மீண்டும் ஆதரவு. 2008-இல் அவர் சொன்னது தேர்தலுக்காகத்தான் என்று அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்ஸல்ராட் பின்னாளில் தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

கருத்துக்கணிப்பு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். கேலப் நிறுவனத்தின் கணக்குப்படி 1996-இல் அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேரே இதை ஆதரித்தார்கள். 2011-இல் அது 53 சதவீதமாகி முதல் முறையாகப் பாதியைத் தாண்டியது. ஒபாமா பேசியது அதற்கு அடுத்த ஆண்டு. மக்கள் மாறிய பிறகு தலைவர் மாறினார்.

அப்படியானால் செல்வாக்கே இல்லையா?

இருக்கிறது. ஒபாமா பேசிய பத்தாவது நாள், கறுப்பின மக்களின் நூறாண்டு பழமையான உரிமை அமைப்பான என்ஏஏசிபி தன் ஆதரவைத் தீர்மானமாக நிறைவேற்றியது. தேவாலயப் பற்று மிகுந்த கறுப்பின வாக்காளர்கள் நிறைந்த மேரிலாண்ட் மாநிலம், அந்த நவம்பரில் மெய்ன், வாஷிங்டன் மாநிலங்களோடு சேர்ந்து வாக்கெடுப்பில் இதை ஏற்றது. அதற்கு முன் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மக்கள் இதை நிராகரித்திருந்தார்கள்.

தலைவரின் பேச்சு பெரும்பாலும் புதிய நம்பிக்கையை உருவாக்குவதில்லை. தயங்கி நிற்பவருக்கு அது துணிச்சல் தருகிறது. நேற்று வரை வெளியே சொல்லக் கூசியதை இன்று சொல்லலாம் என்றாகிறது. நேற்று வரை யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் இருந்தவர் இன்று விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார்.

ஆஸ்திரேலியா காட்டிய மறுபக்கம்

2017-இல் ஆஸ்திரேலிய அரசு அஞ்சல் வழியாக மக்களின் கருத்தைக் கேட்டது. 61.6 சதவீதம் பேர் ஒருபாலினத் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். தேசிய எண்ணை விட, தொகுதிவாரியான எண்களில்தான் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

முன்னாள் பிரதமர் டோனி அபட் இதை எதிர்த்துத் தீவிரமாகப் பிரசாரம் செய்தார். அவருடைய சொந்தத் தொகுதியான வாரிங்காவில் 75 சதவீதம் பேர் அவர் பேச்சைக் கேட்காமல் ஆம் என்றார்கள். மேற்கு சிட்னியில் முஸ்லிம்களும் பிற புலம்பெயர்ந்த மக்களும் நிறைந்து வாழும் பிளாக்ஸ்லாண்ட், வாட்சன் தொகுதிகளின் எம்.பி.க்கள் இருவரும் இதை ஆதரித்தவர்கள். அங்கே மக்கள் முறையே சுமார் 74, 70 சதவீதம் இல்லை என்றார்கள். தேர்தலில் அந்த எம்.பி.க்களுக்கு வாக்களிக்கும் அதே மக்கள்தான் இதில் அவர்களைப் பின்பற்றவில்லை.

வேரூன்றிய நம்பிக்கையைத் தலைவரின் பேச்சு அசைப்பதில்லை. வேர் இல்லாத இடத்தில் எந்தத் தலைவரும் தேவையில்லை, காற்றே போதும்.

நன்றியும் உடன்பாடும் ஒன்றல்ல

மேற்கில் வாழும் முஸ்லிம்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. 2017-இல் டிரம்ப் அரசு முஸ்லிம் நாடுகள் சிலவற்றின் மக்களுக்கு நுழைவுத் தடை விதித்தபோது, விமான நிலையங்களில் முஸ்லிம்களுக்காகக் குரல் எழுப்பியவர்களில் பலர் ஒருபாலினத் திருமணத்தை ஆதரிப்பவர்கள். ஓரினச் சேர்க்கையைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று 2007-இல் அமெரிக்க முஸ்லிம்களில் 27 சதவீதம் பேர் சொன்னதாகப் பியூ ஆய்வு மையம் பதிவு செய்தது. 2017-இல் அது 52 சதவீதம். நம்மைக் காத்தவர்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டும் என்ற மனநிலைக்கும் இதில் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

அபிசீனியாவை நினைத்துப் பார்ப்போம். அடைக்கலம் தந்த கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் அவையில், ஈஸா (அலை) அவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. ஜஅஃபர் (ரலி) அவர்கள் உண்மையை மறைக்கவுமில்லை, மன்னரைப் புண்படுத்தவுமில்லை. நன்றியோடும் கண்ணியத்தோடும் தம் ஈமானைச் சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்று பிரிட்டனில் நடந்தது. 2013-இல் இச்சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த எம்.பி. சாதிக் கானுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் வாக்கை நாம் ஏற்கவில்லை. ஆனால் மிரட்டியவர்கள் மார்க்கத்துக்குச் சேர்த்தது அவப்பெயர் மட்டுமே. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து தடுக்கக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை.

இந்தியாவிலும் கவனம் தேவை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. அந்த வழக்கில் ஒன்றிய அரசும் எதிர்த்தது, ஜம்இய்யத் உலமாயே ஹிந்தும் எதிர்த்தது. ஒரு வழக்கில் நிலைப்பாடு ஒன்றாக இருப்பதால் நோக்கமும் ஒன்றாகிவிடாது. அந்த அரசை நடத்தும் கட்சிதான் பொது சிவில் சட்டத்தைக் கொண்டுவரத் துடிக்கிறது, உத்தராகண்டில் கொண்டுவந்தும் விட்டது. தலைவர்களின் ஆதரவைப் போலவே அவர்களின் எதிர்ப்பையும் நாம் எடை போட்டே பார்க்க வேண்டும்.

முடிவாகும் இடம் வீடு

2012 பேட்டியில் ஒபாமா ஒரு விஷயத்தைச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் தம் மகள்களோடு பேசும்போது, ஒரே பாலினப் பெற்றோரைக் கொண்ட அவர்களுடைய தோழிகளைப் பற்றிப் பேச்சு வரும், அதுவும் தம்மை மாற்றியது என்றார். குடியரசுக் கட்சி செனட்டர் ராப் போர்ட்மன் 2013-இல் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதும் தம் மகன் தம்மிடம் மனம்விட்டுப் பேசியதால்தான். உலகின் மிகப் பெரிய அதிகார பீடத்தை மாற்றிய பேச்சுகள் வீடுகளில் நடந்திருக்கின்றன.

நம் வீட்டுச் சஹனைச் சுற்றி என்ன பேசப்படுகிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறது. 'சீ, இதெல்லாம் என்ன பேச்சு' என்று வாயை அடைக்கிறோம். பிள்ளை அதன்பின் நம்மிடம் கேட்பதில்லை, கைப்பேசியிடம் கேட்கிறது.

மேரிலாண்டின் மான்ட்கோமரி கவுன்ட்டியில் முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். பள்ளியில் இத்தகைய கதைப் புத்தகங்கள் வாசிக்கப்படும்போது தங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொள்ளும் உரிமையை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் பெற்றார்கள். முக்கியமான வெற்றி. ஆனால் அது ஒரு வகுப்பு நேரத்தை மட்டுமே காக்கும். மீதி இருபத்து மூன்று மணி நேரம் நம் பொறுப்பு.

நிக்காஹ் ஏன் அமானிதம், கணவன் மனைவிக்கு இடையே அல்லாஹ் வைத்த அன்பும் கருணையும் என்ன, லூத் (அலை) அவர்களின் வரலாறு சொல்வது என்ன என்பதை வயதுக்கேற்ற வார்த்தைகளில் தாயும் தந்தையும் சொல்லித் தர வேண்டும். உள்ளத்தில் தோன்றும் எண்ணத்துக்கும் செய்யும் செயலுக்கும் மார்க்கத்தில் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் நம் பிள்ளையே தன் உள்ளப் போராட்டத்தை நம்மிடம் சொன்னால்? அடிப்பதும் வீட்டை விட்டுத் துரத்துவதும் தீர்வாகாது. 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்று அவசரப்படுவது, ஏதும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் சேர்த்துச் சிதைப்பதாகும். கேட்கும் காதும், நம்பிக்கையான ஆலிமும், பக்குவமான மனநல ஆலோசகரும் அப்போது தேவை. அந்தப் பிள்ளை முதலில் நம்மிடம் வந்ததே அல்லாஹ் நமக்குத் தந்த வாய்ப்பு.

தலைவர்கள் அடுத்த தேர்தலுக்கு ஏற்ப மாறுவார்கள். குடியரசுக் கட்சியினரிடையே 2022-இல் 55 சதவீதமாக இருந்த ஆதரவு 2025-இல் 41-ஆகக் குறைந்தது என்கிறது கேலப். அது ஏறினாலும் இறங்கினாலும் நம் ஈமான் அந்த எண்ணில் தொங்கவில்லை. நம் பொறுப்பைப் பற்றி மறுமையில் கேட்கப்படும்போது, எந்த அதிபர் என்ன சொன்னார் என்று கேட்கப்படாது. நம் குடும்பத்துக்கு நாம் என்ன சொன்னோம் என்றே கேட்கப்படும்.

நம் சந்ததிகளை நேர்வழியில் நிலைக்கச் செய்யவும், அவர்களோடு அன்போடு பேசும் நாவை நமக்குத் தரவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.