சமரச மேசையில் அவருக்கும் ஓர் இருக்கை

பூர்விக வீட்டின் பங்கீடு, கூட்டுக் கணக்கிலுள்ள வைப்புத்தொகை, குடும்ப ஓய்வூதியம் ஆகியவை குறித்து எழும் பிணக்குகள் பெரும்பாலும் உறவினரிடையே தோன்றுபவை. தீர்ப்பு எதுவாயினும் அவர்கள் பிறகும் ஒரே தெருவில், சில வேளை ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டியவர்கள். ஆகவே இவற்றுக்குச் சமரசமே ஏற்ற வழி என்று கருதப்படுகிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஆதரவில் பெங்களூரு சமரச மையம் 2007 ஜனவரியில் தொடங்கப்பட்டது. மைசூருவிலும் இன்று நீதிமன்றத்தின் வழியே சமரசத்தை நாட இயலும்.

ஆனால் பிணக்கின் ஒரு தரப்பினர் மாற்றுத்திறனாளியாக இருக்கும்போது, அவருடைய சார்பில் அண்ணனோ மைத்துனரோ பேசுவதையே நாம் இயல்பெனக் கொள்கிறோம். உடன்படிக்கை எழுதி முடிந்தபின் அவருடைய கைநாட்டு மட்டும் பெறப்படுகிறது. இதில் பேராபத்து உண்டு. இருதரப்பின் இசைவோடு பிறக்கும் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. புரியாமல் கொடுத்த இசைவால் இழந்த பங்கை மீட்பது மிகக் கடினம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு நேர்மாறான பார்வையை உடையது. சொத்துரிமை, தம் நிதி விவகாரங்களைத் தாமே நடத்தும் உரிமை, வங்கிக் கடன் பெறும் உரிமை ஆகியவை மற்றவர்க்கு நிகராக மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டென அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. முடிவெடுக்க உதவி தேவைப்படுவோர்க்கு அவ்வுதவியை அளிக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நெறி. உதவி தேவைப்படுவதைக் காரணம் காட்டி முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பது அந்நெறிக்கு முரணானது.

இந்நெறியிலிருந்து 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் ஓரிடத்தில் விலகிச் செல்கிறது. சமரசத்திற்கு உகந்தவையல்ல என அதன் முதல் அட்டவணை பட்டியலிடும் பிணக்குகளுள், அறிவுசார் குறைபாடு உடையோர், மனநோய் உடையோர், உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு எதிரான உரிமைக்கோரல்களும் அடங்கும். உயர் ஆதரவு என்பது அன்றாடச் செயல்களுக்குத் தேவைப்படும் உடல்சார் உதவியையும் குறிக்கும். கைகால்களை அசைக்க இயலாவிடினும் தெளிந்த அறிவோடு தம் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் ஒருவரும் இவ்வரையறைக்குள் வரக்கூடும். தம்மீது வழக்கு வரும்போது சமரசம் அவருக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

வலியவர் நெருக்கி இணங்க வைத்துவிடுவர் என்ற அச்சமே இவ்விலக்கிற்குக் காரணமாக இருக்கலாம். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் அதற்குரிய மருந்து நம் சட்டத்திலேயே இருக்கிறது. சிறாரின் சார்பில் செய்யப்படும் எந்தச் சமரசமும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். அதுபோல ஆதரவாளர் ஒருவரின் துணையோடு பேச்சு நடத்தி, முடிவை நீதிபதி ஆராய்ந்து ஏற்கும் முறையை வகுக்கலாம். இச்சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் ஒருசேர நடைமுறைக்கு வரவில்லை. 2023 அக்டோபரில் சில பிரிவுகள் மட்டுமே வந்தன. எனவே திருத்துவது எளிது.

மற்ற மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டத்தில் தடையில்லை. தடை அறையில்தான் இருக்கிறது. செவித்திறன் அற்றவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர், பார்வையற்றவருக்குப் பிரெயில் அல்லது ஒலிவடிவ ஆவணம், சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் ஆகியவை அமர்வு தொடங்குமுன் உறுதி செய்யப்பட வேண்டும். அனைத்திந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965 முதல் இயங்கிவரும் நகரம் மைசூரு. இங்குள்ள வல்லுநர்களின் அறிவைச் சமரசர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் பிற மாவட்டங்களுக்கு இது முன்மாதிரியாகும்.

வங்கியோடு எழும் குறைகளுக்கும் இது பொருந்தும். பார்வையற்றோருக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, பாதுகாப்புப் பெட்டகம் முதலியவற்றை மறுக்கலாகாது என 2008 ஜூன் மாதத்திலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. வங்கியிடம் முறையிட்டும் தீராத குறையை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி கொண்டு செல்லலாம். அவரும் முதலில் இணக்கத் தீர்வுக்கே முயல்வார்.

வாசகர்கள் சிலவற்றை நினைவில் கொள்க. மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. தேவைப்படும் வசதியை அமர்வுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கையொப்பமிடுமுன், உறவினர் உடனில்லாத வேளையில், உடன்படிக்கை முழுவதையும் அவருக்குப் புரியும் வகையில் விளக்கச் சொல்லுங்கள். மறுத்துரைக்கும் வாய்ப்பு அவருக்கு உண்மையில் இருந்தால்தான் அவர் தரும் இசைவுக்குப் பொருளுண்டு.