ஆங்கிலம் பழகுவோம்: கடைசியில் வரும் ‘ஸ்’



டொக்டரிடம் போனாலும் பள்ளிக்கூடத்தில் ரீச்சரைச் சந்தித்தாலும், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல் நாமே பேசுவது நல்லது. மல்வேர்னில் புதிதாகக் குடியேறியவர்கள் அப்படிப் பேசும்போது அடிக்கடி விடுபடுவது, சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’.

காரணம் நமது தமிழ்தான். ‘ஐந்து டொலர்’, ‘இரண்டு குளிசை’ என்றாலே நமக்குப் போதும். எண் சொன்னபின் ‘கள்’ தேவையில்லை. ஆங்கிலத்தில் எண் சொன்னாலும் ‘ஸ்’ வேண்டும்: ஃபைவ் டொலர்ஸ், ரூ ரப்லெற்ஸ்.

எண் சொல்லாத இடத்தில் இன்னும் கவனம் தேவை. ‘மை சன்’ என்றால் ஒரு மகன். ‘மை சன்ஸ்’ என்றால் ஒருவருக்கு மேல். படிவத்தில் ஓர் எழுத்து விடுபட்டால், ஒரு பிள்ளையே கணக்கில் வராமற் போகலாம்.

இனி வினைச்சொல். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று தமிழில் ஆளுக்கு ஆள் முடிவு மாறும். ஆங்கிலம் கேட்பது ஒரே மாற்றம்தான்: நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இற் மூன்றுக்கும் ‘ஸ்’. ஐ வேர்க், தே வேர்க். ஆனால் ஹீ வேர்க்ஸ். ‘அப்பா வேலை செய்கிறார்’ என்று மரியாதையாகச் சொன்னாலும் ஆங்கிலத்தில் அவர் ‘ஹீ’ தான்: மை ஃபாதர் வேர்க்ஸ்.

‘மை மதர் ரேக்ஸ் திஸ் மெடிசின்’ என்றால் அம்மா இந்த மருந்தை வழக்கமாக எடுக்கிறார். ‘ருக்’ என்றால் முன்பு எடுத்தார். வெறுமனே ‘ரேக்’ என்றால் டொக்டர் திரும்பக் கேட்க நேரும்.

‘இல்லை’ என்று சொல்லும்போது ‘ஹீ டஸ் நொட் வேர்க்’. ‘டஸ்’ஸிலேயே ‘ஸ்’ வந்துவிட்டதால் வேர்க்கிற்கு வேண்டாம். சில்ட்ரன், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபேர்னிச்சர், ஹோம்வேர்க் ஆகியவற்றுக்கும் ‘ஸ்’ போடாதீர்கள்.

விடுபட்டால் வெட்கப்படவும் வேண்டாம். இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதிப் பேச்சுவழக்கிலும் ‘ஷீ கோ’ என்பதுண்டு. 1611இல் வெளியான ஆங்கில வேதாகமத்தில் இந்த வினைமுடிவு ‘ஸ்’ அல்ல, ‘எத்’. ஆனால் வேலைக்கான நேர்முகத்தில் ‘ஸ்’ஸைக் கவனமாக உச்சரியுங்கள்.

பயிற்சி: ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.
1. தங்கச்சி மல்வேர்னில் வசிக்கிறா.
2. எனக்கு மூன்று பிள்ளைகள்.
3. அப்பா மீன் சாப்பிடுவதில்லை.

விடைகள்:
1. மை சிஸ்ரர் லிவ்ஸ் இன் மல்வேர்ன்.
2. ஐ ஹாவ் த்ரீ சில்ட்ரன்.
3. மை ஃபாதர் டஸ் நொட் ஈற் ஃபிஷ்.

வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் திருத்தினால் திருத்தட்டும். அடுத்த இதழில் இறந்தகாலத்தைப் பார்ப்போம்.