கோழி எருவில் லாரி ஓடுமா?

நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊர் நெருங்குவதை மூக்கே சொல்லிவிடும். கோழிப்பண்ணை நெடி! சேலம், ஆத்தூர் பக்கம் என்றால் சேகோ ஆலையின் புளித்த வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம். ஆனால் அந்த நாற்றத்துக்குள்தான் வண்டி ஓட்டும் எரிபொருள் இருக்கிறது.

'குளத்துப் பாசியில் இருந்து டீசல்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பார்த்திருப்பீர்கள். பொய்யில்லை. சில வகைப் பாசிகளில் எண்ணெய் உண்டு. பிரித்தெடுத்துப் பக்குவப்படுத்தினால் டீசல் கிடைக்கும். அமெரிக்க அரசு 1978-ல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி 1996-ல் மூடியது. எக்ஸான் மொபில் நிறுவனம் 2009-ல் 60 கோடி டாலர் வரை செலவிடப்போவதாக அறிவித்து, 2023 வாக்கில் கைகழுவியது. சிக்கல் தண்ணீரில்தான். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் உலர்ந்த பாசி ஒரு கிராம் தேறினாலே பெரிது. அதை வடிகட்டிக் காயவைக்கவே ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற பூமியில், ஏக்கர் கணக்கில் தொட்டி கட்டித் தண்ணீரை ஆவியாக விட யாருக்கு மனசு வரும்?

கோழி எருவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. முட்டைக்கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். ஒரு கோடிக் கோழிக்கு 1,000 டன். நாமக்கல் வட்டாரத்தில் இருப்பதோ பல கோடி.

இதை நம்பித்தான் சேலம் சாலையில் உள்ள புதுச்சத்திரத்தில் ஓர் ஆலை இயங்குகிறது. மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த 'சதத்' திட்டத்தின் கீழ், 2020-ல் வாகன எரிவாயு தரத் தொடங்கியது. நாளுக்கு 15 டன் தயாரிக்கும் திறன். இந்தியன் ஆயில் பங்க்குகள் வழியாக விற்பனை.

செய்முறை, நம் வீட்டுச் சாண எரிவாயுதான், அளவு பெரிது. கோழி எருவில் நைட்ரஜன் அதிகம். அதை மட்டுமே கொட்டினால் அமோனியா பெருகி, வாயு தரும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். மாட்டுச் சாணம், மரவள்ளித் திப்பி, சர்க்கரை ஆலைக் கழிவு என்று கலந்து போட்டால் சரியாகும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் மாதிரி, விகிதம் முக்கியம். திப்பிக்குச் சேகோ ஆலைகள், கரும்புக் கழிவுக்கு மோகனூர் சர்க்கரை ஆலை என எல்லாம் பக்கத்திலேயே இருப்பது இந்த மண்ணின் அதிர்ஷ்டம். வருகிற வாயுவில் சுமார் 60 சதவீதம் மீத்தேன். மீதியில் பெரும்பகுதியான கரியமில வாயுவையும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவையும் நீக்கி, அழுத்திச் சிலிண்டரில் அடைத்தால் சி.என்.ஜி. வண்டிக்கு அப்படியே போடலாம்.

சரி, தலைப்புக் கேள்விக்கு வருவோம். ஒரு கிலோ வாயு, ஒரு லிட்டர் டீசலுக்குக் குறையாமல் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் லாரி நாளுக்கு 400 கிலோமீட்டர் ஓடினால் 100 கிலோ தேவை. 15 டன்னில் 150 லாரி. ஆயிரக்கணக்கில் லாரிகள் உள்ள ஊருக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. டீசல் இன்ஜினில் இதை நேரடியாக ஊற்றவும் முடியாது, சி.என்.ஜி. வண்டியே வேண்டும். நேஷனல் பர்மிட் லாரிக்காரரை இப்போதே மாறச் சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் முட்டை வேன், ஸ்கூல் வேன், டவுன் பஸ், ஷேர் ஆட்டோவுக்கு இது கச்சிதம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கோழி எரு, குப்பை அல்ல. மஞ்சளுக்கும் குச்சிக்கிழங்குக்கும் விவசாயி காசு கொடுத்து வாங்கிப் போடும் உரம். ஆலைகள் பெருகினால் எரு விலை ஏறும், சிறு விவசாயிக்குக் கைக்கு எட்டாமல் போகும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் வாயுவாகப் பிரிவது பெரும்பாலும் கார்பன்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் கழிவிலேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கழிவை உலர்த்தி, கட்டுப்படியாகும் விலையில் வயலுக்கே திருப்பித் தரலாம். பண்ணைக்காரர்களிடம் எரு கொள்முதல் ஒப்பந்தம் போடும்போதே, சுற்றியுள்ள விவசாயிகளுக்கு உரம் என்ன விலைக்குத் திரும்ப வரும் என்பதையும் அதில் எழுதிவிட வேண்டும்.