வாராவாரம் துட்டு தருவியளா அண்ணாச்சி?

பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சதும் எங்க தென்காசிப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து ஆரம்பிச்சிரும். "மூணு மாசம் சும்மாதான இருக்கான், எங்கயாவது வேலைக்கு அனுப்புங்க"ன்னு ஒரு கோஷ்டி. "காலேஜுக்குப் போற புள்ளைய வேலைக்கு அனுப்பறதா, அசிங்கம்லா"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு கோஷ்டி மேலயும் எனக்கு ரொம்ப நாளா கடுப்பு இருக்கு. இன்னைக்குக் கொட்டிடறேன்.

மொதல்ல அசிங்கக் கோஷ்டி. 2025 கணக்கையே எடுத்துக்குங்க. பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சது மார்ச் 25. ரிசல்ட் மே 8. இன்ஜினியரிங் பொதுக் கலந்தாய்வு ஆரம்பிச்சது ஜூலை 14. மூணரை மாசம்! (நீட் எழுதறவன் கதை வேற. மே மாசம் வரைக்கும் அவனுக்கு லீவே கிடையாது, பாவம்.) இந்த மூணரை மாசத்துல பையன வீட்டுல வெச்சிக்கிட்டு, துட்டு கட்டி ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேத்து விடுவாங்க. "காலேஜ் போறப்ப நாலு பேருக்கு முன்னாடி நிப்பான்"னு விளக்கம் வேற. நான் சோத்துக்கே சாஃப்ட்வேர நம்பி இருக்கறவன், சொல்றேன் கேளுங்க. அந்தக் கோர்ஸ்ல சொல்லித் தர்றத மொத செமஸ்டர்ல 'அ'னாவுல இருந்து திரும்பச் சொல்லித் தருவாங்க.

சர்டிபிகேட் கெடைக்குமேன்னு சிலர் சொல்றாங்க. அமெரிக்காவுல காலேஜ் அப்ளிகேஷன்ல லீவுல என்ன வேலை பாத்தேன்னு எழுத எடம் இருக்கு. இங்க? கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. 2007-ல நுழைவுத் தேர்வ தூக்கினதுக்கு அப்புறம் கட்-ஆஃப்னா இது மட்டும்தான். ஐந்தருவியில மங்குஸ்தான் வித்தாலும் சரி, ஏசி ரூம்ல உக்காந்து கோர்ஸ் படிச்சாலும் சரி, அரை மார்க் ஏறாது. மங்குஸ்தான் வித்தாலாவது பஸ்ஸுக்குத் துட்டு மிஞ்சும்.

நான் ஒரு சீசன் பூரா பழக்கடையில நின்னவன். ஜூன் பொறந்து சாரல் விழுந்துட்டா, மெயின் அருவியில இருந்து பழைய குற்றாலம் வரைக்கும் பழக்கடை, சிப்ஸ் கடை, லாட்ஜுன்னு எல்லாரும் ஆள் தேடுவாங்க. தோல் கல்லு மாதிரி இறுகிப்போன மங்குஸ்தான் உள்ள கெட்டிருக்கும்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். மதுரையில இருந்து வேன் பிடிச்சு வந்த குடும்பம் அரைக் கிலோவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசும். சிரிச்சிக்கிட்டே நிக்கணும். இப்ப க்ளையன்ட் கால்ல எனக்குக் கை குடுக்கறது அந்தப் பழக்கம்தான்.

அடுத்தது 'அனுப்புங்க' கோஷ்டி. இவங்க இன்னும் ஆபத்தானவங்க. எங்க அனுப்பறோம், எப்படி அனுப்பறோம்னு கேக்கவே மாட்டாங்க. எவனாவது ஒரு ஏஜென்ட் வந்து "தங்கறது, சாப்பாடு ஃப்ரீ"ன்னா போதும், பெட்டியக் கட்டிருவாங்க.

என் கூடப் படிச்ச ஒருத்தன் அப்படித்தான் வெளியூர் மில் ஒண்ணுக்குப் போனான். ரெண்டே மாசம், ஃபீஸுக்கு ஆகும்னு கணக்கு. சம்பளத்தக் கடைசியில மொத்தமாத் தாரோம்னுட்டாங்க. பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வாங்கி உள்ள வெச்சிட்டாங்க. அப்பல்லாம் கவுன்சிலிங்குக்கு மெட்ராஸுக்கு, அண்ணா யுனிவர்சிட்டிக்கு நேர்ல போகணும். ஆன்லைன் ஆனது 2018-லதான். தேதி வந்ததும் லீவு கேட்டான். ஆள் இல்ல, அடுத்த வாரம் போடான்னாங்க. அடுத்த வாரம் எந்தக் கவுன்சிலிங்குக்குப் போறது?

இது ஒருத்தன் தலையெழுத்து இல்ல மக்கா. சுமங்கலித் திட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து நூல் மில்லுங்களுக்கு நம்ம தென் மாவட்டங்கள்ல இருந்து பொம்பளப் புள்ளைங்கள அள்ளிட்டுப் போனாங்களே, அதேதான். மூணு வருஷம் முடிச்சா மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்னு பேச்சு. நடுவுல வந்துட்டா அந்தத் தொகை கோவிந்தா. மெட்ராஸ் ஜவுளிக்கடை கதைக்கு வசந்தபாலனோட 'அங்காடித் தெரு' (2010) இருக்கு. அதுல வர்ற பையனும் பிளஸ் டூவுல நல்ல மார்க் எடுத்தவன்தான். கடையில வேலை பாக்கறவங்க உக்கார எடம் குடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டமே போட வேண்டியிருந்துச்சு. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம்!

"துட்டு ருசி கண்டா படிப்ப விட்ருவான்"னு ஒரு பழைய பாட்டு பாடுவாங்க. எனக்குத் தெரிஞ்சு படிப்ப விட்டவன் எவனும் ருசி கண்டு விடல. வாங்க வேண்டிய துட்டு எவன்கிட்டயோ மாட்டிக்கிட்டு, விட்டுட்டு வரவும் முடியாம நின்னவன்தான் விட்டான். அதனால வேலை பாக்கறப்ப கேக்க வேண்டியது, துட்டு தெனமும் இல்லேன்னா வாராவாரம் கைக்கு வருமா, நாளைக்கே கெளம்பறேன்னா விடுவாங்களா, இவ்ளோதான். ஒரிஜினல் கேட்டா ஜெராக்ஸ் நீட்டுங்க. அதுக்கும் முறைச்சான்னா அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க.

குற்றாலத்துக் கடைக்காரங்களையும் சும்மா விடப் போறதில்ல. பதினெட்டு வயசு ஆகாத பையன்கிட்ட சாயங்காலம் ஏழு மணிக்கு மேல காலைல எட்டு மணி வரைக்கும் வேலை வாங்கக் கூடாது. இடைவேளையோட சேத்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். 1986 சட்டத்துல 2016-ல வந்த திருத்தம் சொல்றது இது. நம்ம பரோட்டாக் கடைங்கள்ல ஏழு மணிக்குத்தான கல்லே சூடாகுது? பதினேழு வயசுப் பையன ராத்திரி பன்னெண்டு வரைக்கும் எலை எடுக்க விட்டுட்டு "தொழில் கத்துக்கறான்"னு சொல்ற மொதலாளிங்கள எனக்கு நல்லாத் தெரியும். தண்ணி அதிகமாகி அருவியில குளிக்கத் தடை போட்டா, "இன்னைக்கு வேலை இல்ல, போ"ன்னு கூலி இல்லாம அனுப்பறதும் இவங்கதான். ஆனா ஒண்ணு, அங்க இருந்து தென்காசி அஞ்சாறு கிலோமீட்டர்தான். பிடிக்கலேன்னா பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேந்துரலாம். மில்லு ஹாஸ்டல்ல இருந்து அது முடியாது.

அடுத்த ஏப்ரல்ல எவராவது வீட்டு வாசல்ல வந்து நின்னு, "நல்ல எடம், துட்ட மொத்தமா வாங்கிக்கலாம்"னு இழுத்தா, "வாராவாரம் தருவியளா அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. காப்பி வர்றதுக்குள்ள கெளம்பிருவாரு.