வாசாப்புக்கு எட்டு மைக், கேட்க யார்?

மடு, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்தான வாசாப்பைப் பதியிறதெண்டா, இப்ப அண்ணாவியார், மத்தளம், தாளம், பிற்பாட்டு எண்டு தனித்தனி மைக் வைக்கலாம். ஆறு மணித்தியாலக் கூத்து, எட்டு ட்ராக். கேட்டுச் சரிபார்க்க 48 மணித்தியாலம் வேணும். ஆர் இருந்து கேட்கிறது?

அதனாலதான் முதல் சோதனையைக் கணினியிட்ட விடச் சொல்றம். ஒலி எல்லை தாண்டி வெட்டுப்பட்ட இடம், வயர் கழண்டு ஊமையான ட்ராக், 50 ஹேர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் எல்லாத்தையும் கெதியாக் காட்டித்தரும். வெட்டுப்பட்ட இடம் தேடுற வசதி இலவச ஆடாசிட்டியிலயே இருக்கு.

ஆனால் திருத்துற வேலையையும் அதுக்கே குடுக்கிறதை நாங்கள் ஏற்கமாட்டம். பிற்பாட்டுக்காரர் வாய்மூடி நிக்கிற நேரம் அதுக்கு ஊமை ட்ராக். இரைச்சலை எடுக்கிறன் எண்டு தாளத்தின்ர கிணுகிணுப்பையும் சேர்த்துத் துடைச்சுப்போடும். (பிறகு தகரம் தட்டின மாதிரிக் கேட்கும்.) கணினி இடத்தைக் காட்டட்டும், கூத்துத் தெரிஞ்ச ஆள் கேட்டு முடிவெடுக்கட்டும். மூலப் பதிவில கை வைக்கக் கூடாது.

சோதனையும் கூத்து நடக்கிற இரவே, இடையில ஒருக்கா நடக்கவேணும். கழண்ட வயரை அடுத்த கிழமை கண்டுபிடிச்சு, எழுபது வயது அண்ணாவியாரிட்டப் போய் இன்னொருக்கா விடிய விடியப் பாடுங்கோ எண்டு கேட்க ஏலுமே?