கட்டை விரலுக்கு விலை உண்டு. வேலைக்கு உத்தரவாதம் உண்டா?



ஒரு பஞ்சாலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வயது 30. கார்டிங்கில் வேலை. நாள் சம்பளம் 500 ரூபாய். இரவு சிப்டு. மெஷினில் பஞ்சு அடைத்துக்கொள்கிறது. நிறுத்தி எடுத்தால் உற்பத்தி குறைகிறது என்று மேஸ்திரி சத்தம் போடுவார். அதனால் ஓடுகிற மெஷினிலேயே கையை விடுகிறார். வலது கைக் கட்டை விரல் போய்விடுகிறது.

இனி இந்தத் தொழிலாளியின் கதி என்ன?

"சட்டம் இருக்கிறது, நஷ்டஈடு கிடைக்கும்" என்பார்கள். வாஸ்தவம். சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் என்ன கொடுக்கிறது, எதைக் கொடுக்க மறுக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

விரலின் விலைப் பட்டியல்

வெள்ளைக்கார சர்க்கார் 1923ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1924 ஜூலை முதல் தேதி அது அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு பட்டியல் உண்டு. மனித உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து மதிப்புப் போட்ட பட்டியல் அது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடு விரல் 12. மோதிர விரல், சுண்டு விரல் ஒவ்வொன்றுக்கும் 7. ஒரு கண் போனால் 40.

நம் தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் என்று வையுங்கள். அங்கே முழு ஊனத்துக்கு நாள் சம்பளத்தில் 90 சதவிகிதம் கணக்கு. 500 ரூபாய்க்கு 450 ரூபாய். கட்டை விரலுக்கு அதில் 30 சதவிகிதம். ஆக, நாளுக்கு 135 ரூபாய், ஆயுள் முழுதும்.

இ.எஸ்.ஐ. எட்டாத சிறு பட்டறையில் இருப்பவருக்கு ஒரே தடவையில் மொத்தப் பணம். 26 நாள் சம்பளம் 13,000 ரூபாய். அதில் 60 சதவிகிதம் 7,800. அதை 30 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். வருவதில் 30 சதவிகிதம் சுமார் 4 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய். பெரிய தொகையாகத் தெரிகிறதல்லவா? இன்னும் 30 ஆண்டு உழைக்க வேண்டிய ஆள் அவர். அந்த 30 ஆண்டுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மாதம் 1,350 ரூபாய் சொச்சம். வீட்டு வாடகைக்குக் காணுமா?

சட்டத்தின் நினைப்பு என்ன? கட்டை விரல் போனவர் மீதி 70 சதவிகித சக்தியை வைத்துச் சம்பாதித்துக்கொள்வார் என்பது. சரி, எங்கே சம்பாதிப்பார்? எந்த மில்லில்? யார் வேலை கொடுப்பார்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஜவாப் இல்லை.

மில் வாசலில் நடப்பது

சிகிச்சை நடக்கும்வரை இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். அந்தக் காலத்தில் முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73வது பிரிவு தடுத்தது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் சிகிச்சை முடிந்து டாக்டர் சர்டிபிகேட் கொடுத்த மறுநாள் அந்தப் பாதுகாப்பு தீர்ந்துபோகும்.

தொழிலாளி சர்டிபிகேட்டோடு மில் வாசலுக்குப் போகிறார். "முழு பிட் என்று எழுதி வா" என்கிறது ஆபீஸ். அவருக்கோ கட்டை விரல் இல்லை. அறுந்த இழையை விரலால் முறுக்கி ஒட்ட முடியாது. கார்டிங்கிலும் நிற்க முடியாது. ஆனால் ஸ்டோரில் கணக்கு எழுத முடியும். வாசலில் டோக்கன் பார்க்க முடியும். கோன் எண்ணிப் பெட்டியில் அடுக்க முடியும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக் கொடுக்க முடியும். பத்து ஆண்டு அனுபவம் விரலில் மட்டுமா இருக்கிறது? தலையிலும் இருக்கிறதே!

"அந்த வேலைக்கெல்லாம் ஆள் இருக்கிறது" என்கிறது ஆபீஸ். பதிலியாக இருந்தவர் என்றால் இந்தப் பதில்கூட வராது. காண்டிராக்ட் ஆள் என்றால் "நீ யார்?" என்று கேட்பார்கள்.

பழைய தொழில் தகராறுச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருந்தது. தொடர்ந்த உடல் நலிவைக் காட்டி ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பே அல்ல என்று அந்தச் சட்டம் விளக்கம் சொன்னது. ஆட்குறைப்பு அல்ல என்றால் ஆட்குறைப்பு நஷ்டஈடும் இல்லை. மில்லின் பஞ்சுத் தூசியைத் தின்று நுரையீரல் கெட்டவரை அதே மில் உடல் நலிவு என்று சொல்லி அனுப்ப வழி இருந்தது. பஞ்சுத் தூசி நோய், தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் உள்ளது. அந்த நோயாளியை மீண்டும் தூசியில் நிறுத்துவது கொலைக்குச் சமம். வீட்டுக்கு அனுப்புவது பட்டினிக்குச் சமம். தூசி இல்லாத பகுதிக்கு மாற்றுவதே நியாயம். அதைச் செய்தே தீர வேண்டும் என்று எந்த முதலாளியையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு "லாம்" செய்த வேலை

சர்க்காருக்கு இந்த விஷயம் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1948 சட்டத்தின் 19வது பிரிவிலேயே, காயம்பட்ட, ஊனமடைந்த தொழிலாளர்களின் புனர்வாழ்வுக்கும் மறு வேலைக்கும் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் நடவடிக்கை எடுக்கலாம், அதற்குத் தன் நிதியைச் செலவிடலாம் என்று எழுதினார்கள். "எடுக்கலாம்" என்றுதான் எழுதினார்கள். "எடுக்க வேண்டும்" என்று எழுதவில்லை. இந்த "லாம்" என்ற இரண்டு எழுத்து எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் விட்டிருக்கிறது!

தொழிற்பயிற்சிக்கு ஒரு திட்டம் உண்டு. அதற்கு வைத்த நிபந்தனையைப் பாருங்கள். ஊனம் 40 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. வயது 45க்கு மேல் போகக் கூடாது. கட்டை விரல் 30 சதவிகிதம்தானே? ஆகவே நம் தொழிலாளிக்குப் பயிற்சி இல்லை. இழை ஒட்ட முடியாத அளவுக்கு அவர் ஊனமானவர். பயிற்சி பெறும் அளவுக்கு ஊனமானவர் அல்ல! இது என்ன நியாயம்?

2020ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்தது. 1923 சட்டமும் 1948 சட்டமும் அதில் அடங்கிவிட்டன. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே நடக்கும் விபத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதை வரவேற்கலாம். ஆனால் விரலின் விலைக் கணக்கு அதே கணக்குத்தான். காயம்பட்டவரை முதலாளி திரும்ப வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்ற கட்டளை அதிலும் இல்லை.

சர்க்கார் ஊழியருக்கு உண்டு, மில் தொழிலாளிக்கு இல்லை

"இது நடக்கிற காரியமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். இந்த நாட்டிலேயே நடக்கிறது.

வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்று 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 47வது பிரிவு சொன்னது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. வேறு வேலை இல்லாவிட்டால் அவருக்காக உபரிப் பதவி ஒன்றை உண்டாக்கி, ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். வேலையின்போது அடிபட்டுக் காலை இழந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு கான்ஸ்டபிளுக்கு 2003ல் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவைக் காட்டித்தான் நியாயம் வழங்கியது. பார்வை கெட்ட பஸ் டிரைவர்களுக்கு மாற்று வேலை கொடு என்று போக்குவரத்துக் கழகங்களுக்குச் சென்னை ஹைகோர்ட் எத்தனையோ வழக்குகளில் உத்தரவிட்டிருக்கிறது.

2016ல் வந்த புதிய சட்டமும் 20வது பிரிவில் இதே உரிமையைச் சொல்கிறது. ஆனால் யாருக்கு? சர்க்கார் ஸ்தாபனங்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும்! சர்க்கார் பஸ் டிரைவருக்குக் கிடைத்த இந்த உரிமை நியாயமானது. பஞ்சாலைத் தொழிலாளியின் கை என்ன பாவம் செய்தது?

பிற நாடுகளில்

ரப்பர்த் தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலேசியாவைப் பாருங்கள். அங்கே நம் இ.எஸ்.ஐ. போன்ற ஸ்தாபனம் 1971ல் ஏற்பட்டது. 2007 முதல் அது வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. காயம்பட்டவருக்கென்று ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்படுகிறார். டாக்டரிடமும் முதலாளியிடமும் அவரே பேசி, எந்த வேலை முடியும், எந்தக் கருவி வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார். 2014ல் மலாக்காவில் ஒரு பெரிய புனர்வாழ்வு மையத்தையும் திறந்தார்கள்.

ஜெர்மனியில் விபத்து இன்ஷுரன்ஸ் 1884லேயே வந்தது. முதலில் புனர்வாழ்வு, பிறகுதான் பென்ஷன் என்பது அங்கே கொள்கை. 2004 முதல் இன்னொரு கடமையும் உண்டு. ஒருவர் ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயில் கிடந்தால், அவரை வேலையில் நிலைநிறுத்தும் வழி பற்றி முதலாளி அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். தொழிலாளி சிறிது சிறிதாகவும் திரும்பலாம். முதலில் நாளுக்கு இரண்டு மூன்று மணி, பிறகு நான்கைந்து மணி. அந்தக் காலத்தில் இன்ஷுரன்ஸ் பணம் நிற்பதில்லை.

எச்சரிக்கை

ஆனால் தோழர்களே, ஒரு விஷயத்தில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். "வேலைக்குத் திரும்பு" என்ற வார்த்தையை முதலாளியும் சொல்லுவார். அவர் சொல்லும்போது அதற்கு அர்த்தம் வேறு. காயம் ஆறுமுன் வாசலுக்குள் இழுத்து உட்கார வைத்து, விபத்துக் கணக்கை மறைப்பதும் உண்டு. பணத்தை நிறுத்த இதையே சாக்காக்கும் சர்க்காரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்தில் 2012ல் சீர்திருத்தம் என்று ஒன்று செய்தார்கள். பெயர் என்னவோ வேலைக்குத் திரும்புவதற்கான ஊக்கம். ஆனால் ஊனம் 20 சதவிகிதத்தைத் தாண்டாத பெரும்பாலோருக்கு வாரப் பணம் 5 ஆண்டோடு நின்றது. வேலை கிடைத்ததா என்று கேட்காமலே பணத்தை வெட்டினார்கள்.

இங்கே இன்றுள்ள முறையில் இ.எஸ்.ஐ. ஊன பென்ஷன், வேலைக்குத் திரும்பினாலும் தொடர்கிறது. அதை யாரும் தொட விடக் கூடாது. பென்ஷன் இழந்த விரலுக்கு. சம்பளம் செய்கிற உழைப்புக்கு. இரண்டும் வேறு வேறு.

வயலில் அடிபட்டவர்

மில் தொழிலாளிக்கு இந்தக் கதி என்றால், விவசாயத் தொழிலாளிக்கு? கதிரடிக்கும் மெஷினில் கை போகிறது. பம்ப் செட்டில் கரண்ட் அடிக்கிறது. மருந்து தெளிக்கையில் மயங்கி விழுகிறார். நிலத்தில் உழைப்போரும் நஷ்டஈட்டுச் சட்டத்தின் ஜாபிதாவில் உண்டு. ஆனால் இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். ஹாஜர் புத்தகம் கிடையாது. "என் வயலில் அவர் வேலையே செய்யவில்லை" என்று மிராசுதார் சொன்னால் யார் சாட்சி?

இவருக்குத் திரும்பிப் போக மில்லும் இல்லை. ஆகவே கிராமத்திலேயே வேலை வேண்டும். 2005ஆம் ஆண்டு கிராம வேலை உறுதிச் சட்டத்தின் கீழ், தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற இலகுவான வேலைகளை ஊனமுற்றோருக்குக் கொடுக்க வழி செய்திருந்தார்கள். அந்த வழி ஒரு அதிகாரியின் தயவாக இருக்கக் கூடாது. விபத்தில் ஊனமடைந்த ஒவ்வொரு விவசாயத் தொழிலாளிக்கும் முழுக் கூலியோடு கேட்டுப் பெறும் உரிமையாக வேண்டும்.

நம் கோரிக்கைகள்

1. சர்க்கார் ஊழியருக்குள்ள மாற்று வேலை உரிமை, தனியார் மில்லுக்கும் பட்டறைக்கும் வர வேண்டும். பதிலிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அதே உரிமை. சம்பளம் குறையக் கூடாது.

2. புனர்வாழ்வு கார்ப்பரேஷனின் கடமை என்று சட்டம் சொல்ல வேண்டும். "லாம்" போக வேண்டும். "வேண்டும்" வர வேண்டும்.

3. பயிற்சிக்கு 40 சதவிகித வரம்பு எதற்கு? பழைய வேலையைச் செய்ய முடியாதவர் எவரோ அவருக்கெல்லாம் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் முழு உதவிப் பணம்.

4. எந்த வேலை முடியும், எவ்வளவு நேரம் முடியும் என்று டாக்டர் எழுத வேண்டும். முதலாளியின் ஆபீஸ் அதைத் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பேச்சில் சங்கப் பிரதிநிதி இருக்க வேண்டும்.

5. வேலைக்குத் திரும்பியதைக் காட்டி பென்ஷனையோ நஷ்டஈட்டையோ வெட்டக் கூடாது.

டெல்லி சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில், போனசோடும் பஞ்சப்படியோடும் சேர்த்து, காயம்பட்டவருக்கு மாற்று வேலை என்ற ஷரத்தையும் வைக்கலாம். இன்றே செய்யக் கூடியதும் உண்டு. விபத்து நடந்தால் சிறிதானாலும் விபத்துப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். "சொந்தக் காயம்" என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சாட்சி சொல்லத் தயங்காதீர்கள். நாளை உங்கள் கைக்கு அவர் சாட்சி.

அடிபட்டவர் சர்டிபிகேட்டோடு மில் வாசலுக்குப் போகும்போது தனியாகப் போகக் கூடாது. அவருடைய சிப்டு முழுவதும் அவரோடு போக வேண்டும்.